தண்ணீரும் எச்சிலும்: தமிழ்க் கிறித்தவத்தின் ஒரு மீட்புருவகம் பற்றி

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் தண்ணீர் ஆறாகவே ஓடுகிறது. கிணறாக அது கிடந்த இடங்கள் குறைவு. வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) யூதேயா நாட்டைப் பாடத் தொடங்கியதும் மழை பொழிகிறது, வெள்ளம் வருகிறது, வயல் நிறைகிறது. கல்லும் முள்ளும் ஆட்டுமந்தையுமாகக் கிடந்த ஒரு காய்ந்த பூமி, திருத்தக்கதேவரும் கம்பரும் வெட்டி வைத்த வாய்க்கால் வழியாக மருதமாகிவிடுகிறது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் (1894) இந்த வாய்க்காலைத் தாண்டிப் போகவில்லை. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையில் பயணிக்குக் கடைசியில் குறுக்கே கிடப்பது மரணம் என்கிற ஆறு, பாலமில்லாத ஆறு. அதைத் தமிழில் காப்பியமாக்கியவர் கம்பனில் ஊறிய வைணவ வேளாளர், 1858இல் கிறித்தவரானவர். காப்பியம் என்றால் நாடு வேண்டும், ஆறு வேண்டும். நாடு என்றால் நெல் விளைகிற நாடு. இந்த இலக்கண நிர்ப்பந்தம் வெறும் அழகியல் சமாச்சாரம்போலத் தெரியும். ஆனால் மீட்பைச் சொல்லும் உருவகம் எந்த நிலத்துத் தண்ணீரிலிருந்து மொள்ளப்படுகிறது என்பதில், யாருடைய மீட்பு என்ற கேள்வியும் கலந்தே இருக்கிறது.

வருசநாட்டில் இருந்துகொண்டு விவிலியத்தை வாசிக்கிறவனுக்கு இந்த மருதம் கொஞ்சம் உறுத்தும். வைகை பிறப்பது இங்கேதான். ஆனால் மூலவைகை மழை பெய்தால் சில வாரம் ஓடும், மற்ற நாளில் மணல். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கம் கோடையில் ஆற்றைப் பார்க்கிறவர்கள் அதை ஆறென்று நம்ப வேண்டுமானால் பக்கத்தில் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். மணலைத் தோண்டி ஊத்துப் போட்டு, ஊறுகிற வரைக்கும் காத்திருந்து, சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுகிற பூமி. ஆதியாகமத்தின் 26ஆம் அதிகாரம் இங்கே விளக்கவுரை கேட்காது. ஈசாக்கின் ஆட்கள் கிணறு தோண்டத் தோண்ட, ஊர்க்காரர்கள் வந்து 'தண்ணி எங்களது' என்று சண்டைக்கு நிற்க, ஒரு கிணற்றுக்கு ஏசேக்கு (வாக்குவாதம்) என்றும் இன்னொன்றுக்குச் சித்னா (பகை) என்றும் பேர் விழுகிறது. சண்டை இல்லாத மூன்றாவது கிணறுதான் ரெகொபோத் — இடம் உண்டானது. கிணற்றுக்குப் பேர் வைக்கிற விதத்திலேயே ஒரு சமூக வரலாறு இருக்கிறது. தேம்பாவணியின் ஆறுகளுக்கு இப்படிப்பட்ட பேர் இருக்க நியாயமில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில், தண்ணீர் மூலம் வந்த மீட்பு உருவகமே அல்ல. 1886இல் 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் வேலை தொடக்கம். 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறப்பு. மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் படம் இங்கே வீடுகளிலும் டீக்கடைகளிலும் சாமிப் படங்களோடு தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பேர் வைக்கிறார்கள். பாலார்பட்டியில் அவர் பிறந்த ஜனவரி 15ஐப் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடுகிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013இல் அரசு மணிமண்டபம் திறந்தது. இதில் வாசிக்க வேண்டியது கதையின் அமைப்பை. வெள்ளத்தில் கட்டுமானம் அடித்துக்கொண்டு போனது, அரசாங்கம் கைவிட்டது, அவர் சீமைக்குப் போய்ச் சொத்தை விற்றுக் கொண்டுவந்து அணையை முடித்தார் என்பது ஊரறிந்த கதை. இதற்கு ஆவணச் சான்று கிடையாது. கட்டியது சென்னை மாகாண அரசின் பணம். ஆனாலும் ஜனங்கள் இந்தக் கதையை விடவில்லை. தண்ணீர் வந்தது என்றால் யாரோ ஒருத்தர் தன்னைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது நாட்டார் மனத்தின் தர்க்கம். மடை உடையாமல் இருக்க உயிர்ப்பலி கொடுத்த கதைகளில் இருப்பதும் அதுதான், கல்வாரியில் இருப்பதும் அதுதான். அணைக்காட்டில் மலேரியாவிலும் காலராவிலும் செத்த கூலிகளுக்குப் படம் இல்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அப்புறம், அந்தத் தண்ணீர் வருசநாட்டுக்கு வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகத்தைக் கடந்து அது வைகை அணைக்குப் (1959) போகிறது, அங்கிருந்து மதுரைக்கும் கிழக்கேயும் போகிறது. மீட்பர் ஒருவர்தான், மடை எல்லோருக்கும் இல்லை.

இந்த 'எல்லோருக்கும் இல்லை' என்பதை வைத்துக்கொண்டு இனிச் சொற்களுக்குள் போகலாம்.

'பாப்திஸோ' என்ற கிரேக்க வினைக்கு முக்குதல், அமிழ்த்துதல் என்று அர்த்தம். குளிப்பதற்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு. தமிழில், மதுரை மிஷன் யேசு சபையாரின் கைவழியாக நிலைபெற்று, பின்னால் சீர்திருத்தச் சபைகளும் அப்படியே எடுத்துக்கொண்ட சொல் 'ஞானஸ்நானம்'. ஸ்நானம் என்பது வெறும் குளியல் இல்லை. அது தீர்த்தக்கரை, மந்திரம், ஈரவேட்டி, மடி. தீட்டு என்று ஒன்று முன்கூட்டியே இருந்தால்தான் ஸ்நானத்துக்கு வேலை. அழுக்கு என்பது தன் இடத்தில் இல்லாத பொருள் என்று மேரி டக்ளஸ் 1966இல் எழுதினார். ஸ்நானம் பொருள்களையும் ஆட்களையும் திரும்ப அவரவர் இடத்தில் வைக்கிற சடங்கு. ஆக, சாதிக்கு வெளியே அழைக்க வந்த ஒரு சடங்கு, சாதியைப் பாதுகாக்கிற சொல்லை உடுத்திக்கொண்டு வந்தது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு 'திருமுழுக்கு' என்றது. கிரேக்கத்துக்கு இது கிட்டத்தில் வருகிறது, ஆனால் இதிலும் கங்கை முழுக்கும் துலா முழுக்கும் சொட்டுகின்றன.

பேச்சுத் தமிழில் இதற்கு அற்புதமான ஒரு சொல் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. 'அவனைத் தலைமுழுகிட்டேன்' என்கிறோம். செத்தவனுக்குத்தான் தலைமுழுகுவது; உயிரோடு இருக்கிறவனைத் தலைமுழுகினால் உறவு அறுந்தது என்று பொருள். ஞானஸ்நானத்தைப் பவுல் விளக்குவது (ரோமர் 6) கிட்டத்தட்ட இப்படித்தான்: தண்ணீருக்குள் போவது அடக்கம், வெளியே வருவது வேறொரு ஆள். பழைய மனுஷனைத் தலைமுழுகுவது. இந்தச் சொல் வழக்குக்கு வந்திருந்தால், 'சாதியைத் தலைமுழுகினாயா?' என்று கரையிலேயே கேட்க வேண்டி வந்திருக்கும். ஸ்நானம் அப்படி எதுவும் கேட்காது.

'ஜீவத்தண்ணீர்' இன்னொரு சிக்கல். எபிரேய வழக்கில் உயிருள்ள தண்ணீர் என்றால் ஓடுகிற தண்ணீர், ஊத்துத் தண்ணீர். தொட்டியில் தேங்கியதற்கு எதிர்ச்சொல். ஆதித் திருச்சபையின் கைநூலான திதாக்கே, முழுக்குக் கொடுக்க முதலில் இந்த உயிருள்ள தண்ணீரையே சொல்கிறது. அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது இல்லாவிட்டால் வெந்நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்றுமுறை ஊற்று என்கிறது. (தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்தவர்கள் எழுதியது.) யோவான் 4இல் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசும்போது இந்த இரட்டை அர்த்தத்தில்தான் பேச்சே நடக்கிறது. அவள் ஊத்துத் தண்ணீர் என்று புரிந்துகொள்கிறாள். கிணறு ஆழமாச்சே, உம்மிடம் வாளிகூட இல்லையே என்று கேட்கிறாள். நியாயமான கேள்வி. தமிழில் 'ஜீவ' என்ற ஒட்டு முதலிலேயே இதை ஆன்மீகத் தண்ணீர் என்று காட்டிக்கொடுத்துவிடுவதால் அவள் மந்தபுத்திக்காரியாகத் தெரிகிறாள். 'வாழ்வு தரும் தண்ணீர்' என்ற புதிய மொழிபெயர்ப்பிலும் அவளுக்கு நீதி கிடைக்கவில்லை. 'ஊத்துத் தண்ணி' என்று போட்டிருந்தால் வருசநாட்டுப் பொம்பளை ஒருத்தி அவளோடு சேர்ந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்டிருப்பாள். உருவகம் அந்தக் கேள்விக்குள்ளிருந்து மெல்ல ஊறியிருக்கும்.

நமது பிரசங்க மரபில் இந்தப் பெண் ஒரு பாவி. ஐந்து புருஷர், ஆறாவது ஒருவன். ஊர்ப்பெண்களுக்கு முகம் காட்ட முடியாமல் உச்சிவெயிலில் வந்தவள். இயேசு அவள் பாவத்தைக் கழுவினார். ஆனால் அந்த அதிகாரத்தில் பாவம் என்ற சொல்லே இல்லை. கழுவுதல் இல்லை, மன்னிப்பும் இல்லை. இருப்பது தாகம். யூதன் ஒருவன் சமாரியப் பெண்ணிடம் 'குடிக்கக் கொடு' என்கிறான். அவள் திகைப்பதற்குக் காரணம் யோவானே சொல்கிறார்: இவர்களும் அவர்களும் சேர்ந்து புழங்குவதில்லை. அந்தக் கிரேக்க வினைக்கு, ஒரே பாத்திரத்தைச் சேர்ந்து பயன்படுத்துவது என்ற பொருளும் உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். நமது பழைய மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் 'சம்பந்தம்' என்ற சொல்லை வைத்தது. சாதியை மணஉறவு வழியாகப் பிடித்த சொல் என்ற அளவில் அது சாமர்த்தியமானதுதான். ஆனால் குடம் காணாமல்போனது. 'அன்னம் தண்ணி புழங்குறதில்ல' என்று எந்த ஊரிலும் சொல்கிற வாக்கியத்தை யோவான் கிட்டத்தட்ட அப்படியே எழுதி வைத்திருக்கிறார், நமக்குத்தான் கேட்கவில்லை.

ஆக விவிலியத்தில் தண்ணீர் குறைந்தது இரண்டு திசையில் ஓடுகிறது. ஒன்று கழுவுகிற தண்ணீர்: சங்கீதம் 51, எசேக்கியேல் 36. இன்னொன்று குடிக்கிற தண்ணீர். முதலாவது அழுக்கை முன்னிறுத்துகிறது, இரண்டாவது தாகத்தை. (நம்மூரில் மூன்றாவதும் உண்டு. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றுகிறார்கள். அங்கே தண்ணீர் கழுவுவதும் இல்லை, தாகம் தீர்ப்பதும் இல்லை, சூட்டைத் தணிக்கிறது. தமிழ்க் கிறித்தவக் கவிஞர்கள் இந்தக் குளிர்ச்சியை ஏன் எடுத்தாளவில்லை என்பது தனியாக எழுத வேண்டியது.) தமிழ்க் கிறித்தவம் கழுவுகிற தண்ணீரைத் தேர்ந்துகொண்டது. காரணம், அதை வாங்கி வைக்க இங்கே பாத்திரம் தயாராக இருந்தது.

இந்தத் தேர்வு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு வரலாற்றில் அபூர்வமான ஒரு சாட்சி இருக்கிறது. பழைய கத்தோலிக்க ஞானஸ்நானச் சடங்கில் தண்ணீரோடு உப்பும் எச்சிலும் உண்டு. குருவானவர் தன் உமிழ்நீரைத் தொட்டு, முழுக்குப் பெறுகிறவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். மாற்கு 7இல் இயேசு உமிழ்ந்து ஊமையனின் நாவைத் தொட்டதன் நினைவு. ராபர்ட் தெ நொபிலி 1606இல் வந்து தொடங்கி வைத்த மதுரை மிஷன் வழியில், யேசு சபையார் எச்சிலை விட்டுவிட்டார்கள். மேல்சாதியார் அருவருக்கிறார்கள் என்பது காரணம். போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தெ தூர்னோன் 1704 ஜூனில் ஓர் ஆணை போட்டார். எச்சிலையும் ஊதுதலையும் விடக்கூடாது. பறையர் நோயில் கிடந்தால் அவர்கள் வீட்டுக்குள் போய்த்தான் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆணையில் வருவதைக் கவனிக்க வேண்டும். நாற்பது வருஷம் ரோமுக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையே மனுக்கள் போய் வந்தன. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் விவகாரத்தை முடித்தபோது எச்சிலுக்குத் தற்காலிக விலக்கு கிடைத்தது. பறையர் வீட்டுக்குப் போகத் தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் வந்தது. அதாவது, எச்சில் படாத ஞானஸ்நானமும் வாசல் மிதிக்காத குருக்களும் ஒரே பொட்டலத்தில் கிடைத்தன.

ஓர் ஐரோப்பியத் தூதர் ஆணை போட்டதால் அவரைச் சாதி ஒழிப்புப் போராளியாக்க வேண்டியதில்லை. அவருக்கு ரோமைச் சடங்குமுறை முக்கியம், அவ்வளவுதான். எனது கவனம் எச்சில் மீது. தமிழில் எச்சில் என்பது வெறும் உமிழ்நீர் இல்லை. வாய் பட்ட எல்லாமே எச்சில். டம்ளர், கிண்ணம், இலை, சொல்கூட. யாருடைய எச்சில் யாருக்கு ஆகும் என்பதில்தான் சாதியின் நடைமுறை முழுக்க அடங்கியிருக்கிறது. யோவான் 9இல் குருடனைக் குணமாக்கும் இயேசு, தரையில் துப்பி, அந்தச் சேற்றைக் கண்ணில் பூசி, சீலோவாம் குளத்தில் போய்க் கழுவு என்கிறார். எச்சில் முன்னால், தண்ணீர் பின்னால். நாம் முன்னதை நீக்கிவிட்டுப் பின்னதை மட்டும் ஸ்நானம் என்று வைத்துக்கொண்டோம். வாங்க மறுத்த அந்தத் துளியில் தொடுதல் இருந்தது.

சீர்திருத்தச் சபைகளில் இதே சண்டை கிண்ணத்தைச் சுற்றி நடந்தது. இராப்போஜனத்தில் யார் வாய் முதலில் படுவது என்பதில் சபைகள் பிரிந்தன. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியைச் சபைக்குள் விடக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டதும் தஞ்சாவூர்ச் சபைகள் கொந்தளித்தன. அமெரிக்க மதுரை மிஷன் (பெரியகுளமும் கம்பமும் இதன் வயலுக்குள்தான் வந்தன) 1847இல், சாதியை விட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றது. ஆட்கள் சபையை விட்டுப் போனார்கள். ஞானஸ்நானத்துக்குத் தலை கொடுத்தவர்கள் கிண்ணத்துக்கு வாய் கொடுக்கவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். நண்பர்கள் சிலர் வாய்விட்டே சொன்னார்கள். 'ஆன்மீக உருவகத்தை நீ சமூகவியலாகக் குறுக்குகிறாய், தண்ணீர் அங்கே ஆவிக்குக் குறியீடு, டம்ளருக்கு இல்லை.' நான் குறுக்கவில்லை, யோவான்தான் அங்கிருந்து தொடங்குகிறார். நடந்து களைத்தவனின் தொண்டை வறட்சியில் தொடங்கி, அவன் கேட்கக்கூடாத இடத்தில் கேட்டதில் தொடர்ந்து, அப்புறம்தான் நித்திய ஜீவனுக்கு வருகிறார். இந்த வரிசையை மாற்றினால் உருவகத்தில் தண்ணீரே இருக்காது, கருத்து மட்டும் மிஞ்சும். குறிப்பானை வற்றவைத்துவிட்டு குறிப்பீட்டைப் பருகச் சொல்வது என்று இதை வேண்டுமானால் கோட்பாட்டு மொழியில் சொல்லலாம்.

பாமாவின் கருக்கு (1992) இதை வேறு திசையிலிருந்து நிரூபிக்கிறது. அதில் நாயக்கமார் வீட்டு வேலைக்குப் போகிற பாட்டிக்கு, அந்த வீட்டுப் பெண்கள் நாலடி உயரத்தில் இருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். பாட்டி கையைக் குவித்து வாங்கிக் குடிக்கிறாள். பாட்டி கத்தோலிக்கச்சி. அவள் தலையில் ஒரு குருவானவர் ஒருநாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நாள்தோறும் அவள் கையில் எசமானிகள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஊற்றுதல் என்ற வினை ஒன்றுதான். மேலே இருக்கும் கை, கீழே இருக்கும் உடல், நடுவில் பாத்திரம் படாத இடைவெளி. தமிழ்க் கிறித்தவத்தின் தண்ணீர் உருவகத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆகச் சிறந்த விமர்சனம் இந்தக் காட்சிதான் என்பது என் எண்ணம். பாமா இதை உருவகமாக எழுதவில்லை என்பதால் அதன் கனம் கூடுகிறது. சமாரியக் கிணற்றடியில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது: மீட்பர் கீழே உட்கார்ந்து கேட்கிறார், தீண்டக்கூடாதவள் குடத்தோடு நிற்கிறாள்.

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்துக்கு அம்பேத்கர் மக்களைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர்கள் அங்கே புண்ணிய முழுக்குப் போடவில்லை, ஒரு கை அள்ளிக் குடித்தார்கள். அதற்கப்புறம் குளத்தைப் பஞ்சகவ்வியம் ஊற்றிச் 'சுத்தம்' செய்தவர்கள் மற்றவர்கள். குடிக்கிற தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் இவ்வளவு தெளிவாக எதிரெதிரே நின்ற இடம் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது, மதுரைப் பக்கத்துச் சபைகளில் அந்த வாரம் சமாரியப் பெண்ணை யாராவது பிரசங்கித்தார்களா என்று கேட்டுப் பார்த்தேன். நான் கேட்டவர்கள் யாரும் அப்படி ஒன்றைக் கேட்கவில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (2005இல் மறைந்தார், 'பரட்டை' என்றால் பலருக்குத் தெரியும்) இராப்போஜனத்தை 'ஒரு உலை' என்று படிக்கச் சொன்னார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாகத் தின்பதே நற்கருணை என்றார், நாட்டுப்புற மெட்டில் வழிபாடும் கட்டினார். அப்பத்துக்கு அவர் செய்ததை யாரும் இன்னும் தண்ணீருக்குச் செய்யவில்லை. செய்கிறவர் யோவானின் இரண்டு நண்பகல்களைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். கிணற்றடியில் தண்ணீர் கேட்டது ஏறக்குறைய ஆறாம் மணி வேளை. சிலுவைக்குக் கையளிக்கப்பட்டதும் ஏறக்குறைய ஆறாம் மணி வேளை. அன்றுதான் மறுபடியும் தாகம் என்கிறார். இரண்டாம் தடவை கிடைத்தது காடி. முதல் தடவை கிடைத்ததா என்று பிரதியில் இல்லை. அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள், சீஷர்கள் சாப்பாட்டோடு வந்துவிடுகிறார்கள், பேச்சு சாப்பாட்டைப் பற்றித் திரும்பிவிடுகிறது. அவர் அந்தக் குடத்தில் வாய் வைத்தாரா என்பது பற்றி, நான் பார்த்த அளவில், தமிழில் வந்த விளக்கவுரைகள் ஒரு வரிகூட எழுதவில்லை.